யாரும் வராத குன்று

வல்லக்கோட்டையைத் தாண்டி, கம்பெனி பஸ்கள் திரும்புகிற இடத்தில் அந்தக் குன்றுப் பூங்கா இருக்கிறது. எங்கள் நகரத்து ஜனங்கள் காற்று வாங்கவென்று நகராட்சி ஊருக்கு வெளியே வாங்கிப்போட்ட குன்றுகளில் இதுவும் ஒன்று.

இன்று ஆடி வெள்ளி. பூட்டிய கேட்டுக்கு வெளியே, லாரிப் புழுதியில், நாலைந்து பெண்கள் குன்றைப் பார்த்தபடி பொங்கல் வைக்கிறார்கள். உச்சியில் இருக்கிற கன்னிமாருக்கு. பூங்காவுக்குள் அடுப்பு மூட்டக் கூடாதாம்.

கேட்டை ஒட்டியிருக்கும் வரலாற்றுப் பலகையை நான் படமெடுக்கிறேன். கம்பெனி கேன்டீன் சேலையிலேயே வந்திருக்கும் ஒரு அம்மா, புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வருகிறார்.

"இன்னா எழுதிகீது சார்? கொஞ்சம் படியேன்."

படிக்கிறேன். நகராட்சி குன்றுகளை வாங்கியது, பாதை போட்டது, மரம் நட்டது. நடுவில், 'யாரும் வந்துபோகாத இந்தத் தரிசுக் குன்று' என்று ஒரு வரி. அதை மட்டும் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறேன்.

அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போகிறார். படையல் முடிந்ததும் ஒரு இலைத் துண்டில் பொங்கலோடு திரும்பி வருகிறார்.

"யாரும் வராத குன்றுன்னு ஒண்ணு கீதே, அத்த வுட்டுட்டியே சார்? எம் பொண்ணு என்னிக்கோ படிச்சிக் காட்டிட்டா. படிக்கச் சொன்னாக்கா, உங்க ஊருக்காரங்க அல்லாரும் அந்த வரியத்தான் வுட்டுர்றீங்க."

பொங்கலை என் கையில் வைக்கிறார். இலை கையைச் சுடுகிறது.

"சாப்புடு சார். வந்தவங்களுக்குக் குடுக்காம நாங்க துன்றதில்ல."