மாலை போட்ட வண்டி

இது நடந்த கதை. மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் மேல் சத்தியம். பொய் கலக்கவில்லையா என்று கேட்டால், கலந்திருக்கிறது. பால்காரர் தண்ணீர் ஊற்றுகிற அளவுக்குத்தான். ராயப்பேட்டை டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் யாரும் நடுவில் எழுந்து போகக் கூடாது, உமர் பாய் உள்பட.

ஜோதிலட்சுமிக்கு இரண்டு கால்களும் சின்ன வயதிலேயே போலியோவில் சூம்பிவிட்டன. கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தரையில் நகர்ந்து போவாள். நாக்குக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அது கிளம்பினால் மின்சார ரயில் பின்தங்கும். தி.நகரில் சங்கரனின் தையல் கடையில் சேலைகளுக்கு ஃபால் தைத்தாள். அடையாற்றங்கரையில் குடிசை இருந்தவரை பக்கத்து வீட்டு ஆட்டோ கடையில் இறக்கிவிடும். பிறகு ஆற்றங்கரையைக் காலி செய்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கிருந்து அவள் தி.நகர் வந்து சேர்வதற்குள் சூரியனே களைத்துப்போய்த் திரும்பிவிடும்.

“தோ பாரும்மா, தீபாவளி சீசன். டைமுக்கு வா. இல்லாட்டி வேற ஆள வச்சுக்குவேன்” என்றார் சங்கரன்.

மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒன்று கிடைத்தால்தான் வேலை நிலைக்கும். அரசாங்க ஆபீஸில் மனு கொடுத்தாள். அங்கே சக்கர நாற்காலிக்கென்று சரிவுப் பாதையெல்லாம் கட்டியிருந்தார்கள். அதன் மேல் ஆபீஸ்காரர்களின் பைக்குகள் சுகமாக ஓய்வெடுத்தன.

அப்போதுதான் மயிலாப்பூரில் ஒரு சங்கம், வாகனம் வழங்கும் விழாவுக்குக் கூப்பிட்டது. மேடையில் மாலை போட்ட ஒரே ஒரு ஸ்கூட்டர். ஒவ்வொருவராகத் தூக்கி அதில் உட்கார வைப்பார்கள். தலைவர் சாவியைக் கொடுப்பார். போட்டோ. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறக்கிவிடுவார்கள். கீழே கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

ஜோதிலட்சுமியின் முறை வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். போட்டோ எடுத்தாயிற்று. அவள் இறங்கவில்லை.

“எறங்கும்மா, அடுத்தவங்க காத்துக்கினு கீறாங்க. வண்டி வூட்டுக்கு வரும்” என்றார் தலைவர்.

“அதுக்கு வழி தெரியாது சார். நானே ஓட்டிக்கினு போயிடறேன்.”

சாவியைத் திருகினாள். வண்டி இருமக்கூட இல்லை. டேங்கில் பெட்ரோல் வாசனைகூடக் கிடையாது. தலைவர் கேமராவுக்குச் சிரித்தபடியே பல்லைக் கடித்தார். விழாவுக்கு விழா அதே வண்டியை வாடகைக்கு விடும் உமர் ஃபாரூக் மேடையேறினார். இதோ, பெஞ்சின் அந்த முனையில் டீயை ஊதிக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“கோச்சுக்காத தங்கச்சி. சாயந்தரம் அடையாறுல இன்னொரு ஃபங்ஷன் கீது.”

வண்டி வீட்டுக்கு வரவில்லை. படம் மட்டும் பேப்பரில் வந்தது. அவளுடைய மனு ஒருவழியாகக் கிளார்க் மேஜைக்கு வந்தபோது, அவர் தன் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார்.

“வண்டி வாங்கிட்டியேம்மா. ஒருத்தருக்கே ரெண்டு குடுக்க முடியுமா?”

“அது போட்டோவுக்கு சார்.”

“சிரிக்கிறது நீதானே?”

சங்கரனும் பேப்பர் படிப்பவர்தான். “வண்டி வந்தப்புறமும் லேட்டா?” என்று கேட்டார். தீபாவளிக்கு முன்பே அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து ஃபால் தைத்தாள்.

ஜோதிலட்சுமி இப்போது அடுக்குமாடியின் படிக்கட்டுக்குக் கீழே ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, யாராவது கிழிந்த பாவாடை கொண்டு வருவார்களா என்று பார்க்கிறாள். யாரோடும் பேசுவதில்லை. இதில் மட்டும் தண்ணீர் கலக்கவில்லை.

பெஞ்சில் முதலில் வாயைத் திறந்தவர் பொன்ராஜ்.

“அவ இன்னாத்துக்கு சிரிச்சா? உம்முனு இருந்திருந்தா ஆபீஸ்ல நம்பியிருப்பான்.”

“நீ அன்னிக்கு பிரியாணி பொட்டலத்துக்காவ மேடைக்கு கீழ குந்திக்கினு கைதட்டுனியே, அத்த சொல்லு” என்றார் உமர்.

“வெரல பிரிச்சது யாரு பாய், நானா?”

“வண்டி என்னுது.”

“கை அவளுது.”

உமர் எழுந்த வேகத்தில் டீ கிளாஸ் உருண்டது. பொன்ராஜின் காலரைப் பிடித்தார். பொன்ராஜ் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார்.