சாய்தளங்களுக்கு ஒரே எண்

என்னோடு வேலை பார்க்கும் அவனுக்குச் 'சீப்பு' என்று பெயர் வைத்தது நான்தான். நகரின் தகவல்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்த இணையத்தில் திறந்துவைப்பது மாநகராட்சியில் எங்கள் பிரிவின் வேலை. அதில் எங்கே சிக்கு இருந்தாலும் சீப்புக்குப் பொறுக்காது.

பேருந்து நிறுத்தங்களின் சாய்தளப் பட்டியல் வந்தபோது தலையில் அடித்துக்கொண்டான். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் எந்தத் தரநிலைப்படி கட்டப்பட்டது என்ற கட்டத்தில் ஒவ்வொரு மண்டலமும் வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தது. ஒருவர் தரநிலையின் எண்ணைப் போட்டிருந்தார், ஒருவர் பெயரை. இன்னொரு மகானுபாவர் 'அரசு விதிப்படி' என்று கையைக் கழுவிவிட்டார். இந்தப் பட்டியலைப் படித்து வழிகாட்டும் கைபேசிச் செயலி பாவம், என்ன செய்யும்? தனக்குத் தெரிந்த எண் இருந்தால் 'இங்கே ஏறலாம்' என்று வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்.

அவனுக்கு இது வெறும் ஆபீஸ் வேலை இல்லை. அவன் அக்கா சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறார். அவர் எங்கே போவதென்றாலும் தம்பி முதலில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும். யாரையும் கேட்காமல் ஒருநாளாவது தானாகக் கிளம்ப வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை.

சீப்பு மண்டலம் மண்டலமாகப் போன் போட்டு விசாரித்து, அந்தத் தரநிலைக்கு ஒரே நிரந்தர எண்ணை வைத்து எல்லாக் கட்டத்திலும் அதையே போட்டான். மண்டலங்கள் எழுதியிருந்த சில எண்களின் வாலில் ஓர் ஆண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் குப்பை என்று வெட்டினான். வரைபடம் பச்சைப்பசேல் என்று ஆனது. அக்கா தனியாக நூலகம் போனார், பூங்கா போனார், தோழி வீட்டுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பி அம்மாவிடம் திட்டு வாங்கினார். அந்தத் திட்டைக்கூட சீப்பு பெருமையாகச் சொல்லித் திரிந்தான்.

வெட்டிய ஆண்டில்தான் விஷயமே இருந்தது; அது தரநிலையின் எந்தப் பதிப்பு என்று சொல்லும் ஆண்டு. பழைய பதிப்புப்படி கட்டிய சாய்தளம் செங்குத்து. திருத்திய பதிப்பில்தான் சரிவைக் குறைத்தார்கள். இரண்டுக்கும் தனித்தனி எண் இருந்திருக்க வேண்டும். பச்சைப் புள்ளியை நம்பிப் பழைய சாய்தளம் ஒன்றில் ஏறிய அக்கா, பாதியில் நாற்காலியோடு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. தூக்கிவிட்டவர்கள், "தனியா எதுக்கும்மா வர்றீங்க?" என்று கேட்டார்களாம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

சீப்பு பதிப்புக்கு ஓர் எண் கொடுத்து எல்லாவற்றையும் சரிசெய்தான். பாதிப் பச்சை காணாமல் போனது. மிச்சத்தையும் அவனால் நம்ப முடியவில்லை. வேலை முடிந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தமாக அளக்கப் போனான்.

அக்காவுக்குத் தோள் தேறியபின் ஒரு மாலை அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"லைப்ரரி ஸ்டாப் நல்லா இருக்குக்கா," என்றான் சீப்பு. "நானே போய் அளந்து பாத்துட்டேன். நாளைக்கு நீ தைரியமா போலாம்."

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லணும், அப்புறம் நான் கிளம்பணும். முன்னாடியும் அப்படித்தானேடா இருந்துச்சு?" என்றார். "விடு, நான் எங்கயும் போகல."