சிவப்பு நகர்ந்த வேட்பாளர்

இங்கே தேர்தல் வந்தால் வேட்பாளருக்கு முகம் இருப்பதில்லை. வீட்டுக்கு முன்னாலிருக்கும் புல்வெளியில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அட்டையை நடுகிறார்கள். அதில் பெயர் மட்டும் இருக்கும். கும்பிடும் கை கிடையாது, சிரிப்பு கிடையாது. எங்கள் தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிரெதிர்க் கட்சி அட்டைகளை நட்டுவிட்டு, புல்வெட்டும் இயந்திரத்தை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொள்கிறார்கள். விருத்தாசலத்திலிருந்து வந்தவனுக்கு இது தேர்தல்தானா என்று சந்தேகமாகவே இருந்தது.

மனைவியின் நர்ஸ் வேலைக்காக ஒஹையோ வந்தோம். எனக்கு ஊரிலுள்ள சிறிய அருங்காட்சியகத்தில் பழைய படங்களுக்குச் சட்டம் போடும் வேலை கிடைத்தது. நூறு வருஷத்துக்கு முன்பு இவர்களும் நம்மைப்போலத்தான் இருந்திருக்கிறார்கள் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். எதிர்க்கட்சிக்காரனைப் பன்றித் தொந்தியோடு வரைந்திருக்கிறார்கள். ஓட்டுப்பெட்டியை முழுங்கும் முதலையாக வரைந்திருக்கிறார்கள். எல்லாம் கலரில். கல்லில் வரைந்து, நிறத்துக்கு ஒரு கல் வைத்து, ஒரே தாளை ஐந்தாறு முறை அழுத்தி எடுத்த அச்சு.

பொறுப்பாளர் கேரல் என்ற அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அந்தப் படங்களை வைத்து ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதில் முக்கியமானது ஒரு தாடிக்கார வேட்பாளரின் படம். மூக்கு மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. ‘எதிரிகள் குடிகாரராகக் காட்டிய கேலிச்சித்திரம்’ என்று கீழே வைக்கக் குறிப்பு எழுதியிருந்தார். அழைப்பிதழின் முகப்பிலும் அந்த மூக்குதான். சட்டத்தில் பொருத்த எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் டிரான்ஸ்ஃபர் அடிப்பது என் வேலை. தாளில் நிறம் நிறமாக அச்சடித்து, தண்ணீரில் நனைத்து, கோப்பையில் ஒட்டிச் சூளைக்கு அனுப்புவார்கள். ஒரு தேர்தலுக்கு முன்னால் டீக்கடைகளுக்குக் கொடுக்க ஒரு கட்சிக்காரர்கள் தங்கள் வேட்பாளர் முகம் போட்ட கோப்பைகள் கேட்டார்கள். கடைசி நிறம் சிவப்பு. தாளை முட்டவைக்கிற தடுப்பு நகர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வேகும்வரை அந்தச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். சூளையைத் திறந்தபோது நெற்றிக் குங்குமம் மூக்கில் இருந்தது. உதட்டுச் சிவப்பு வெற்றிலைச் சாறு மாதிரி தாடையில் வழிந்தது. நான் பார்ப்பதற்குள் பாதிப் பெட்டிகள் நல்லூருக்கும் சேத்தியாத்தோப்புக்கும் போய்விட்டன.

மறுநாள் அந்தக் கட்சியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். “எந்தக் கட்சிக்காரன்டா சொல்லிக் குடுத்தான்?” என்றார் முன்னால் நின்றவர்.

“யாரும் சொல்லலைங்க. சிவப்பு நவுந்துடுச்சுங்க.”

“மூக்கு மேலயே கரெக்டா நவுந்துதா?”

முதலாளி என்னை அன்றைக்கே நிறுத்திவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. சேத்தியாத்தோப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடைக்காரர் கோப்பை அடித்தவன் என்று அடையாளம் கண்டு, அதே கோப்பையில் டீ கொடுத்தார். “தைரியம்தாங்க ஒங்களுக்கு. எங்க வூட்ல எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.” தவறிப்போனது என்றேன். “எங்ககிட்ட எதுக்குங்க மறைக்கிறீங்க?” என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். திட்டியவர்களும் நம்பவில்லை, பாராட்டியவர்களும் நம்பவில்லை.

கேரலிடம் போய், “ரெட் ஹேஸ் மூவ்டு” என்றேன்.

“அந்தக் காலத்தில் இங்கே ஒரு கட்சிக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு நீலம் என்றெல்லாம் கிடையாது” என்று பொறுமையாக விளக்கினார். கட்சியைச் சொல்லவில்லை, மையைச் சொன்னேன் என்றேன். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வலது கன்னத்துச் சிவப்பு மூக்கில் விழுந்திருந்தது. இடது கன்னத்துச் சிவப்பு காதில். பின்னாலிருந்த கொடியின் சிவப்புப் பட்டைகளும் அதே தூரம், அதே பக்கம் தள்ளியிருந்தன. “குடித்தால் கொடி நகராது” என்றேன்.

அவர் கண்ணாடியைக் காதுக்கும் கொடிக்குமாக நகர்த்திப் பார்த்தார். “அப்படியானால் இது அவர் கட்சி அடித்த படமா? ஓட்டுக் கேட்டு?”

“ஆமாம். அடித்தவனுக்கு வேலை போயிருக்கும்.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சொன்னேன். கோப்பையைப் பற்றி, டீக்கடை உட்பட, எல்லாவற்றையும். கேரல் சிரிக்கவில்லை. “யாருமே உங்களை நம்பவில்லையா?” என்று மட்டும் கேட்டார். நான் சட்டத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டேன்.

அழைப்பிதழ் ஏற்கெனவே ஊரெல்லாம் போயிருந்தது. எனவே அவர் பேசாமல் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். காலையில் வந்து பார்த்தால் புதுக் குறிப்பு இருந்தது: ‘இது கேலி அல்ல. அச்சில் சிவப்பு நகர்ந்துவிட்டது.’ அழைப்பிதழைத் திருத்தி ஒரு மன்னிப்புக் கடிதமும் அனுப்பியிருந்தார். அந்தப் பெயர் தெரியாத அச்சுக்காரன் சார்பில் அவருக்கு நன்றி சொன்னேன்.

திறப்பு நாளன்று ஒரு வயதானவர் தாடிக்காரர் முன்னால் வந்து நின்றார். “நீங்கள் இவருக்கு ஓட்டுப் போடுவீர்களா?” என்று விளையாட்டாகக் கேட்டார். எனக்கு இங்கே இன்னும் ஓட்டு இல்லை என்றேன். “உங்கள் ஊரில்?” சரிபார்க்க வந்தபோது வீடு பூட்டியிருந்தது, வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். நான் கூடத்தின் நடுவில் நின்றேன். நாலு சுவரிலும் வேட்பாளர்கள், அத்தனை பேரும் என்னைப் பார்த்துத்தான் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.