பின் ஓக் தேடிப் போன சனிக்கிழமை

மரம் பார்க்க நான் புறப்பட்டது பொழுதுபோக்குக்காக அல்ல, ஒரு வேலைக்காக. எழுபத்தாறாம் ஆண்டு ஏப்ரல் கடைசியில், டாண்டினோங்கில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த மரக்கன்று நர்சரியில் ஆள் தேவை என்று பலகை தொங்கியது. உரிமையாளர் மிஸஸ் பார்க்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நகரத்துக்கு அப்பால் ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னார்.

"என்னுடைய கன்றுகள் அங்கே நிற்கும் பின் ஓக் மரங்களின் கொட்டையிலிருந்து வந்தவை. திங்கட்கிழமை அதில் ஒரு கொப்பு கொண்டு வா. உனக்கு முன்னால் வேலை கேட்டு வந்த பெண் ரெட் ஓக்கைக் கொண்டு வந்தாள். பிழையான மரத்தை விற்றால் பத்து வருஷம் கழித்து வந்து என்னைத்தான் ஏசுவார்கள்."

நேரே நூலகத்துக்குப் போனேன்; பின் ஓக், ரெட் ஓக் இரண்டும் ஓக் மரத்தின் வகைகள் என்பதே அங்கேதான் தெரிந்தது. எனக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தைப் பதினைந்தில் விட்டாயிற்று. இந்த வேலை கிடைக்காவிட்டால் சிட்னிக்கு அனுப்பி, அங்கே ஹோம்புஷில் இருக்கும் பெரியப்பாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். எப்போது திரும்பி வரலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அப்பாவும் கூட வந்தார். ரயிலில் நகர நடுவிலிருக்கும் பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் நிலையம் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து ட்ராம், ஆளுக்கு முப்பது சதம். நூலகப் புத்தகத்தில் படித்ததை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். இலையின் வெட்டு நடு நரம்பை நெருங்கும் அளவுக்கு ஆழமாக இருந்தால் பின் ஓக். பாதி வழியிலேயே நின்றுவிட்டால் ரெட் ஓக். இரண்டுக்கும் நுனியில் முடி போன்ற முள் உண்டு, அதனால் முள்ளை நம்பக் கூடாது. இறங்கும் இடம் தவறிவிடுமோ என்ற பயத்தில் மணிக்கயிற்றை முன்கூட்டியே இழுத்துவிட்டேன். மிச்சம் அரைக் கிலோமீட்டர் நடை.

கல்லூரி வாசலில் கால் நின்றுவிட்டது. படிப்பை விட்டவள் இதற்குள் எப்படிப் போவது? அப்பாவும் கோட்டுப் பித்தானைப் பூட்டிக்கொண்டு நின்றார்.

"ஆரையும் கேளாமல் உள்ளுக்குப் போகலாமோ?"

"தெரியேல்லை அப்பா."

நாய் கூட்டிக்கொண்டு ஒருவர் எங்களைத் தாண்டி உள்ளே போனார். அவருக்குப் பின்னால் நாங்களும் போனோம்.

பாதையின் இரு பக்கமும் ஓக் மரங்கள். இந்த நாட்டில் ஏப்ரல் இலையுதிர்காலம்; காற்று இலைகளைச் சுருட்டிச் சுருட்டி அடித்தது. அப்பா குனிந்து ஒன்றை எடுத்தார்.

"இந்தா, முள்ளும் கிடக்கு. வா போவம்."

அகன்ற இலை, வெட்டு பாதியில் நின்றது. ரெட் ஓக். அடுத்தது ஆழமான வெட்டு. அதற்கடுத்தது மறுபடியும் ரெட் ஓக். எந்த இலை எந்த மரத்தினுடையது என்று நிலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மரத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்றேன்.

"கை வையாதை, பிள்ளை! கண்டால் எங்களை ஊருக்கே திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

"ஒரு இலைக்கோ அப்பா?"

"எல்லாம் ஒரு இலையிலதான் தொடங்கும்."

சிரிப்பு வந்தது, ஆனாலும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அவர் சொன்னது உண்மையாக இருந்தால்? புல்லில் ஒரு மாணவி புத்தகத்துடன் படுத்திருந்தாள். முந்நூறு மைல் நடப்பதுபோல் அவளிடம் நடந்து போய், ஒரு கொப்பு எடுக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கொப்பா? மரத்தைக் கேட்டுப் பாரேன்," என்று சிரித்தாள். இது பின் ஓக்கா என்று கேட்டதற்கு, "எனக்கு அது மரம், அவ்வளவுதான்," என்றாள்.

ஆகவே நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பின்னால் தள்ளிப் போய் ஒவ்வொரு மரத்தையும் முழுதாகப் பார்த்தேன். மூன்றாவதில் கீழ்க் கிளைகள் தரையை நோக்கிச் சரிந்திருந்தன, நடுக் கிளைகள் நேராக நீட்டி நின்றன, மேல் கிளைகள் வானத்துக்கு எழுந்தன. உச்சி சிவந்திருந்தது, கீழே இன்னும் பச்சை. சரிந்த கிளை என் முகத்துக்கே வந்தது. இலையைப் புரட்டினேன். நரம்புகள் பிரியும் மூலைகளில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன மயிர்க் குஞ்சங்கள். கொட்டையின் தொப்பி தட்டையாக, சாஸர் போல. அந்தக் கொஞ்ச நேரம் பயத்தை மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்பா பாதைக்கு முதுகைக் காட்டி, கோட்டை விரித்து என்னை மறைத்துக்கொண்டார். "கெதியாய் முறி," என்றார்.

ஞாயிறு முழுவதும் கொப்பு தண்ணீரில் நின்றது. திங்கட்கிழமை மிஸஸ் பார்க்கர் இலையைப் புரட்டி மூலைகளைப் பார்த்தார். "நாளைக்கு பூட்ஸ் போட்டுக்கொண்டு வா," என்றார். அன்று மாலை அப்பா சிட்னிக்குப் போன் எடுத்தார். "இல்லை அண்ணை, அவள் வரமாட்டாள். வேலைக்குப் போறாள். ஓம்… மரங்களோடை."

அந்த மரங்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஏப்ரல் கடைசியில் போங்கள். கம்பளிச் சட்டையும் சாப்பாடும் கொண்டு போங்கள்; சனிக்கிழமை உள்ளே கடை திறப்பதில்லை. நிலத்து இலையை நம்பாதீர்கள், தள்ளி நின்று மரத்தின் உருவத்தைப் பாருங்கள். பறிக்க விரும்பினால் ஒருவரைக் கேளுங்கள். கேட்பதற்கு முன் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது அடங்கட்டும் என்று காத்திருந்தால் ட்ராம் போய்விடும். எனக்கு, இத்தனை வருஷம் கழித்தும், நர்சரிக்கு ஒவ்வொரு வாடிக்கையாளர் வரும்போதும், இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.