எனக்கு விட்டுக்கொடுத்த ஆட்டம்

சின்ன வயதிலேயே போலியோவில் என் வலது கால் சூம்பிப் போனது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தொடக்கப் பள்ளியில், விளையாட்டுப் பீரியடில் எனக்கு ஒரு உத்தியோகம் கொடுத்திருந்தார்கள். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிய்ந்த செருப்புகளை யார் திருடப் போகிறார்கள்? என்னை எங்காவது உட்கார வைக்க வேண்டுமே, அதற்காகத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, ஆசிரியர் பயிற்சியில் இருந்த இரண்டு அக்காக்கள் கோயமுத்தூரிலிருந்து வகுப்பெடுக்க வந்தார்கள். ஒரு நாள் இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, எல்லோரையும் மண்ணில் உட்காரச் சொன்னார்கள். கயிறு உட்கார்ந்தவர்களின் தலைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வாலிபால்தான், ஆனால் உட்கார்ந்தே ஆட வேண்டும். பந்தை அடிக்கும்போது பின்பக்கம் தரையை விட்டு எழும்பினால் எதிர்க் கட்சிக்குப் பாயிண்ட். கால் முடியாதவர்கள் வெளிநாடுகளில் இதைப் போட்டியாகவே ஆடுகிறார்கள் என்று ஒரு அக்கா சொன்னார். வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் அன்று திண்டாடியவர்கள் ஓட்டப் பந்தயக்காரர்கள்தான். பந்து ஒரு முழம் தள்ளி வந்தாலே எழுந்து ஓடப் பார்த்தார்கள், அக்கா விசில் ஊதினார். எனக்கு அந்தச் சிக்கலே இல்லை. நடப்பதற்காகக் காலில் மாட்டும் இரும்புக் கம்பியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, கையை ஊன்றி உட்கார்ந்த வாக்கில்தான் நகர்வேன். பந்து எங்கே விழுமோ அங்கே அவர்களுக்கு முன்னால் நான் இருந்தேன்.

அக்காக்கள் போன பிறகும் எங்கள் வகுப்பு டீச்சர் வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஆட்டத்தை விடாமல் நடத்தினார். ஒரு கட்சிக்கு நான் லீடர். எதிர்க் கட்சிக்கு, பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி. தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண், ஓட்டத்தில் எப்போதும் முதல். சில வாரம் தோற்றேன், பல வாரம் ஜெயித்தேன். செருப்புகளை அதன் பிறகு யாரும் காவல் காக்கவில்லை.

ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னால் இந்த ஆட்டம் நடக்கும் என்றதும், அப்பாவை ஒரு வாரம் நச்சரித்தேன். அவருக்குத் தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கிற வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் என்னைப் பஸ்ஸில் தூக்கி ஏற்றியதும் இறக்கியதும் அவர்தான். தூக்கிச் சுமக்க வேண்டிய பிள்ளையாக மட்டுமே என்னைப் பார்த்தவர், நான் ஜெயிப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். பதினைந்துக்கு ஆறு என்று ஜெயித்தேன். தலைமையாசிரியர் ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த சிநேகிதியைச் சீண்டினேன்.

"ஏம்புள்ள, இன்னிக்கு உங்கையில வெண்ணெயத் தடவிட்டு வந்தியா? அத்தன லேசான பந்த உட்டுப்போட்ட."

அவளுக்கு மூக்கு சிவந்தது. "நாங்க உட்டுக்குடுத்தோம் புள்ள. உங்கப்பா டீச்சர்கிட்ட வந்து கேட்டாராமா. இன்னிக்கு மட்டும் அம்மணி செயிக்கட்டும்னு டீச்சர்தான் சொன்னாங்க."

அவள் கட்சிக்காரர்கள் ஆறு பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் கட்சியிலும் பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒருவர் கும்பிட்டுக் கேட்டுவிட்டால் முடியாது என்று சொல்லுகிற வழக்கமே கிடையாது. அப்பா நாலு இளநீரோடு போய், "ஏனுங்க டீச்சர், ஊர்சனம் முன்னால என்ற புள்ள தோத்துப்போனா எனக்குத் தாங்காதுங்க" என்று நின்றிருக்கிறார். டீச்சர் பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் நல்லவர்கள். எல்லோருமாகச் சேர்ந்து என்னை நம்ப வைத்துக் கழுத்தறுத்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தபடி கேட்டேன். "ஏனுங்கப்பா அப்படிப் பண்ணுனீங்க?"

"செயிச்சுப்போட்டியல்லோ கண்ணு. அப்புறம் என்ன?"

"நானே செயிச்சிருப்பனுங்கப்பா."

அவர் பெடலை வேகமாக மிதித்தார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். டம்ளரை வழியில் வாய்க்காலில் எறிந்துவிடலாமா என்று நினைத்தேன். எறியவில்லை, அம்மா திட்டுவாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிநேகிதியிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். விட்டுக்கொடுத்தால் ஜென்மத்துக்கும் பேச மாட்டேன் என்றேன். அவளும் குழாயடிச் சீண்டலை மறக்கவில்லை, வெறியோடு ஆடினாள். உள்ளங்கை தோலுரிந்தது, பாவாடை கிழிந்தது. பதினைந்துக்குப் பதிமூன்று என்று தோற்றேன். அவள் கொடுத்தது ஒரு பாயிண்ட்கூட இல்லை, அந்தப் பதிமூன்றும் என்னுடையவை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்பா களத்திலிருந்து வந்து கால் கழுவுவதற்குள் ஓடாத குறையாக நகர்ந்து வாசலுக்குப் போனேன்.

"அப்பா, இன்னிக்கு நான் தோத்துட்டனுங்க. நெசமாலுமே தோத்துட்டேன்."

அவர் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் குந்தி, என் தலையைத் தடவினார்.

"அழுவாத சாமி. திங்கக்கெழமையே வந்து அப்பன் டீச்சர்கிட்டச் சொல்லிப்போடறேன்."

நான் அழுதுகொண்டிருக்கவில்லை. அவர் அதைச் சொன்ன பிறகுதான் அழ ஆரம்பித்தேன்.