அரை இஞ்சுக்காரர் டிராக்டர் வாங்கிய கதை

பெயரைச் சொன்னால் அந்தத் தெருவில் அவரை யாருக்கும் தெரியாது. 'அரை இஞ்சுக்காரர்' என்று கேட்டால், கேட்டவரைக் கையோடு கூட்டிப்போய்த் தையல்கடை வாசலில் விட்டுவிடுவார்கள். நாற்பது வருஷமாகச் சட்டையும் கால்சட்டையும் தைக்கிறவர். ஆளை நிறுத்தி, டேப்பை வளைத்து, அளவைக் குறித்து, கடைசியில் அரை இஞ்சு கூட்டிப் போட்டுக்கொள்வார். "சாப்பிட்டு எழுந்தா மனுஷன் மூச்சு விட வேணாமா?" என்பார். அந்தக் கடையிலிருந்து போன ஒரு சட்டைகூட அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லையாம். இதை அவரே சொல்லுவார். நாம் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

கடை பத்தடிக்கு எட்டடி. உள்ளே இரண்டு தையல் மெஷின். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி. காஜா எடுப்பது, ஓரம் மடித்துத் தைப்பது எல்லாம் அந்த அம்மாவின் பொறுப்பு. தையல்காரருடைய மெஷின் சுவரைப் பார்த்துப் போட்டது. தலையை நிமிர்த்தினால் சுவர், குனிந்தால் ஊசி. நாற்பது வருஷம் ஒரு மனுஷன் ஒன்றரை அடி தூரத்துக்கு மேல் பார்க்காமல் பிழைத்தார் என்றால் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் அவர் வேறு ஆள். ஊருக்கு வெளியே மனைவிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. ஒரு ஏக்கர் சும்மா கிடக்க, மற்றதில் பதினாறு வரிசை எலுமிச்சை. கல்யாணமான புதிதில் அந்த அம்மா தன் கையால் நட்ட மரங்கள். அங்கே போய் நின்று தூரத்தில் தெரியும் மேட்டைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு விரியும். கடையை மூடிவிட்டு மிச்சக் காலத்தை இங்கேதான் கழிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

சிக்கல் உழவில் இருந்தது. பக்கத்து நிலம் மனைவியின் தம்பியுடையது. அவரிடம் பெரிய டிராக்டர் ஒன்று இருந்தது. தன் வேலையெல்லாம் முடித்துவிட்டு, போனால் போகிறதென்று அக்கா நிலத்துக்கும் ஓட்டி வருவார். அதற்குள் மண் காய்ந்து கல்லாகியிருக்கும். அந்த யானை மரங்களுக்கு நடுவே நுழையாது. வெறும் நிலத்தை மட்டும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடும். மர வரிசைகளில் களை இடுப்பளவு நிற்கும்.

"அக்கா, பேசாம எனக்கே கொடுத்துடு. மரத்தை எடுத்துட்டு என் நிலத்தோட சேர்த்துக்கறேன்" என்றார் தம்பி. கெட்ட எண்ணமில்லை. கொஞ்சம் ஆசை, கொஞ்சம் அக்கறை.

அந்த அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கணவரிடம் பேச்சை எடுத்தார்.

"இந்த மழைக்கு முன்னாடி அத்தனை வரிசையிலும் களையைக் கிளறி, எருவைக் கலந்தாகணும். நம்மால முடிஞ்சா நிலம் நம்மது. முடியலைன்னா தம்பிக்கே கொடுத்துடலாங்க. வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கறது பாவம்."

"அவ்வளவுதானே? சின்ன டிராக்டர் ஒண்ணு வாங்கிடறேன்" என்றார் இவர், ஏதோ பட்டன் வாங்குகிற மாதிரி.

டிராக்டர் கடைக்கு அவர் நாலு தடவை போனார். முதல் தடவை போனபோது விற்பனைக்காரர் டீ வரவழைத்து, மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்.

"எத்தனை எச்.பி. எதிர்பார்க்கறீங்க சார்?"

"அது கிடக்கட்டும். தோள் அகலம் எத்தனை இஞ்சு?"

விற்பனைக்காரர் இருபது வருஷமாக டிராக்டர் விற்கிறவர். தோள் அகலம் கேட்ட முதல் ஆள் இவர்தான். அவர் விழித்துக்கொண்டிருக்கும்போதே இவர் சட்டைப்பையிலிருந்து டேப்பை உருவிக்கொண்டு வண்டியிடம் போய்விட்டார். பின்சக்கரத்துக்குப் பின்சக்கரம் அளந்தார். மண்டியிட்டு அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். இருக்கைக்குப் பின்னால் நிற்கிற, வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றும் கம்பி மடங்குமா என்று கேட்டார். மடங்கும் என்றதும் மடக்கச் சொல்லி உயரத்தை மறுபடி அளந்தார். எல்லாவற்றையும் கடை நோட்டில் குறித்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் மேலே ஒரு வாத்தியாரின் அளவு. கீழே, 'டிராக்டர்: தோள் 42, உயரம் 50, நீளம் 96.'

அளவில் அவரை ஏமாற்ற முடியாது என்பது உண்மைதான். மரங்களுக்கு நடுவே, கிளை போக நாலரை அடி இருந்தது. இருபது குதிரைத்திறனுக்கு மேலே போன வண்டிகள் எல்லாம் தடி ஆசாமிகள். நாற்பத்திரண்டு இஞ்சு வண்டி மட்டும் பக்கத்துக்கு ஆறு இஞ்சு விட்டு நுழையும். நிறம் நன்றாக இருக்கிறதென்றோ, பக்கத்து வீட்டுக்காரன் வாங்கினான் என்றோ அவர் ஒன்றையும் தொடவில்லை. விற்பனைக்காரருக்கே மெல்ல அவர்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

"சார், இது திரும்பறதுக்கு எவ்வளவு இடம் வேணும்னு பார்த்துக்கங்க. பின்னாடி கருவியும் சேர்ந்தா..." என்று இரண்டாவது தடவை போனபோது அந்த மனிதர் ஆரம்பித்தார்.

"எனக்கு நேரா போனா போதுங்க. மரமெல்லாம் நேர் வரிசை" என்று வாயை அடைத்துவிட்டார் இவர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குக் கருவிகளைப் பார்க்கிற நாள். யானை வாங்கினால் அங்குசம் வாங்க வேண்டாமா? கடையின் பின்கட்டில் வரிசையாக வைத்திருந்தார்கள். மண்ணைக் கிளறித் தூளாக்கும் ரொட்டவேட்டர், ஐந்து கொழு வைத்த கலப்பை, குழி தோண்டும் துரப்பணம், புல் வெட்டும் கத்தி, மருந்து தெளிக்கும் தொட்டி, முன்னால் மாட்டி மண் அள்ளும் பக்கெட். அந்தப் பக்கெட்டைப் பார்த்ததும் நம்மவருக்கு மிட்டாய்க் கடையில் நிற்கிற முகம் வந்துவிட்டது. விசையை இழுத்தால் அது தானே தூக்குகிறது, தானே கொட்டுகிறது. மூன்று தடவை தூக்கிக் கொட்டிப் பார்த்தார்.

"இதுல என்ன அள்ளப் போறோம்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஏதாவது அள்ளலாமே."

"நம்ம தையல் மெஷினுக்கு, ஊசிக்குக் கீழ மாட்டற பாதம் ஒன்பது விதம் வாங்கினீங்க. சுருக்கு வைக்க ஒண்ணு, ஜிப் வைக்க ஒண்ணு, நாடா வைக்க ஒண்ணு. ரெண்டுதான் ஓடுது. ஏழு ஆணியில தொங்குது. நான்தான் தூசி தட்டறேன்."

அதற்குமேல் அவர் பக்கெட் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மா செய்த கணக்கு எளிமையானது. வருஷத்தில் செய்கிற வேலை என்னென்ன? களையைக் கிளறுவது, எருவைக் கொண்டுபோய்க் கொட்டுவது, காயைக் கொண்டுவருவது. ஆகவே ரொட்டவேட்டர் ஒன்று, சின்ன டிரெய்லர் ஒன்று. ரொட்டவேட்டரைத் தூக்கினால் வண்டியின் மூக்கு மேலே எழும்பும் என்று சொல்லி முன்னால் மாட்டுகிற இரும்பு எடைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் விற்பனைக்காரர். அது மட்டும் உடனே அந்த அம்மாவுக்குப் பிடித்தது. "ஆமாங்க, மூக்கு மேல போகக் கூடாது" என்றார் கணவரைப் பார்த்தபடி.

நாலாவது தடவை போய் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வாயெல்லாம் பல். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அன்று முழுக்கக் கடையில் ஒரு தையல் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வரிசைக்குள் இறக்கினார். கிளை ஒன்றும் முறியவில்லை. பக்கத்துக்கு ஆறு இஞ்சு, அளந்தது அளந்தபடி. பின்னால் திரும்பிப் பார்த்தால் இடுப்பளவு களை மாயமாகிக் கறுப்பு மண் மலர்ந்து கிடக்கிறது. ரொட்டவேட்டர் போட்ட சத்தத்தில் அவர் விசிலடித்தது அவருக்கே கேட்கவில்லை. இருநூற்றைம்பது அடி போய் வரிசையின் கடைசிக்கு வந்தார். முன்னால் மைத்துனரின் கம்பி வேலி. கடைசி மரத்துக்கும் வேலிக்கும் நடுவே ஏழடி. எட்டடி வண்டி, அதற்குப் பின்னால் இரண்டரை அடி ரொட்டவேட்டர். அடுத்த வரிசைக்குள் போகத் திருப்ப வேண்டும்.

திரும்பவில்லை. இடப்பக்கம் ஒடித்தால் மரம், வலப்பக்கம் ஒடித்தால் வேலியின் கல்தூண். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ரொட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே இருநூற்றைம்பது அடியும் பின்னோக்கியே வந்து சேர்ந்தார். வழியில் இரண்டு கிளை முறிந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து மைத்துனர் கேட்டார், "என்ன மாமா, ரிவர்ஸ்லயே வர்றீங்க?"

"இப்படி வந்தா மண்ணு நல்லாப் படியும் மாப்ளே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மூன்று நாள் கடையைப் பாதிநாள் மூடிவிட்டு நிலத்துக்குப் போனார். மூன்று நாளில், வரிசைகளுக்கு நடுவே நாலு சந்துதான் ஆனது, பதினொன்று பாக்கி. பின்னால் பார்த்துப் பார்த்து வண்டியை ஓட்டியதில் கழுத்து இடப்பக்கமாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. மறுநாள் கடையில் மெஷினில் உட்கார்ந்தால் ஊசி ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். மேற்கே மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா தைலத்தை எடுத்து வந்து கழுத்தில் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு சட்டைக்கு அளவு எடுத்தா, போட்டுப் பார்க்கும்போது கையைத் தூக்கச் சொல்லுவோம், குனியச் சொல்லுவோம். அந்த வண்டியை நிக்க வெச்சே அளந்தீங்க. திரும்பச் சொன்னீங்களா?"

அவருக்கு விற்பனைக்காரர் ஆரம்பித்ததும், தாம் வாயை அடைத்ததும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பதினாறு வரிசையும் கையைவிட்டுப் போகப்போகிறது என்பது துக்கமாக இருந்தது.

"அளவு தப்பிடுச்சும்மா" என்றார் கடைசியில். நாற்பது வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

வாக்கு வாக்குதான். மேகம் இறங்குமுன் சொல்லிவிடுவது மேல் என்று அன்று சாயங்காலமே மைத்துனர் நிலத்துக்கு இருவரும் நடந்தார்கள். மைத்துனர் தம் வண்டிக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, மண்ணு படியறதுக்காக ரிவர்ஸ்ல வரலை. திரும்ப இடம் இல்லை. மழைக்குள்ள முடியாது. நிலத்தை நீங்களே எடுத்துக்கங்க. மரத்தை மட்டும் இந்த வருஷம் காய்க்க விடுங்க" என்றார் நம்மவர். கழுத்துப் பிடிப்பினால் இதை அவர் மைத்துனரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத்தான் சொன்னார்.

மைத்துனர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேலியோரம் போய் நின்றார். தன் பக்கத்தைப் பார்த்தார். அங்கே வேலியை ஒட்டிப் பதினைந்தடி அகலத்துக்கு ஆள் உயரக் களை. அவருடைய பெரிய வண்டியும் வேலிக்குப் பதினைந்தடி முன்னாலேயே திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் திரும்ப இடமில்லை. இத்தனை வருஷமாக அந்தத் துண்டு நிலம் யாருக்கும் பயனில்லாமல் கிடந்தது.

"ஏன் மாமா, இந்தக் கம்பியை எடுத்துட்டா உங்க வண்டி இங்க வந்து திரும்பிக்காதா?"

"திரும்பும்" என்றார் இவர், தொட்டியைப் பார்த்து.

"என் பக்கம் வந்ததும் ரொட்டவேட்டரைத் தூக்காதீங்க. இந்தப் பதினைந்தடியையும் கிளறி விட்டுட்டு, அப்புறம் தூக்கித் திரும்புங்க. எனக்கும் ஒரு வேலை மிச்சம்."

அந்த அம்மா குறுக்கிட்டார்.

"தம்பி, உனக்குக் கொடுத்துடறேன்னு அவர்கிட்ட நான்தான் சொன்னேன். ஆனா எனக்குக் கொடுக்க மனசே இல்லடா. இந்த மரத்தை விட்டுட்டு என்னால இருக்க முடியாது."

"தெரியும்க்கா. எனக்கு ஆசை இல்லாம இல்ல. ஆனா நீ கொடுத்துட்டு அழுவே, நான் வாங்கிட்டு அழணும்" என்று சொல்லிவிட்டு, கடப்பாரையை எடுத்து முதல் கல்தூணின் அடியில் போட்டார் தம்பி.

இருட்டுவதற்குள் மூன்று பேருமாகப் பதினாறு தூணையும் பிடுங்கி ஓரமாக அடுக்கினார்கள். மறுநாள் காலையில் நம்மவர் ஐந்தாவது சந்துக்குள் வண்டியை விட்டார். கடைசி மரத்தைத் தாண்டி மைத்துனரின் களைக்குள் புகுந்து, அதையும் கிளறி முடித்துவிட்டு, வேண்டிய மட்டும் வளைத்துத் திருப்பினார். மூன்றாம் நாள் மதியம் முதல் தூறல் விழுந்தபோது, கடைசி வரிசையிலும் எருவைக் கலந்து முடித்துவிட்டு டிரெய்லரில் உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தார் அந்த அம்மா. கீழே இறங்கச் சொல்லிக் கணவரும் தம்பியும் கூப்பிட்டார்கள். அவர் இறங்கவில்லை.