கடைசியில் வருகிறவருக்குக் குடம்

கொல்லைப்புறத்தில் ஒருமுறை வாளியோடு விழுந்தேன். அடுத்த மாதம் வாளி இல்லாமலே விழுந்தேன். வாளி இருந்தபோது பழியை அதன் மேல் போட்டுவிட்டேன். இரண்டாம் தடவைக்குச் சாக்கு கிடைக்கவில்லை. டாக்டர் என்னை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் திடமாக இருக்கிறது, நிதானம்தான் குறைந்துவிட்டது என்றார். எழுபத்து மூன்று வயதில் அதைக் கடையில் வாங்கவா முடியும்? என் மகள் விசாரித்து, அவனியாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மைலில் இருக்கிற பூங்காவில் காலையில் தாய் சி சொல்லித்தருகிறார்கள் என்று கொண்டுபோய் விட்டாள். பால்வாடியில் பிள்ளையை விடுவது போல, தண்ணீர் பாட்டிலோடு.

தாய் சி சீனாக்காரர்களுடைய பயிற்சி. மூச்சு வாங்காது, வியர்வை கொட்டாது. கையைத் தண்ணீருக்குள் அசைப்பது போல அசைக்க வேண்டும். உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு காலில் ஏற்றிக்கொண்டு, மற்றக் காலைப் பூனை போல எடுத்து வைக்க வேண்டும். இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று முதல் நாள் நினைத்தேன். ராத்திரி தொடை இரண்டும் பதில் சொல்லிவிட்டன. நான் முப்பது வருஷம் ஆட்டோ ஓட்டியவன். மெதுவாகப் போவது என் பிழைப்பிலேயே இல்லை.

கற்றுத்தருகிற பெண் சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. அம்மாவோடு போனில் அவர்கள் பாஷையில் படபடவென்று பேசும். எங்கள் பக்கம் திரும்பினால் எல்லாமே நிதானம்தான்.

"தாத்தா, மெதுவா. யாரும் உங்களத் தொரத்தல" என்று தினமும் எனக்கு மட்டும் தனியாகச் சொல்லும்.

என் பக்கத்தில் நிற்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருக்கு இது போதும். "விடும்மா. அண்ணே ஆட்டோக்காரரு. நின்னா சவாரிய அடுத்தவன் ஏத்திருவான்னு பயம்."

"நீங்க ஸ்டாப்புல நிப்பாட்டாமப் போன சனத்தத்தான் நான் ஏத்துனேன்" என்பேன்.

போன வாரம் அந்தப் பெண் ஒரு விளையாட்டு வைத்தது. "இந்த வேப்பமரத்துல இருந்து அந்த ஊஞ்சல் வரைக்கும் நடக்கணும். நடுவுல நிக்கக் கூடாது. கடைசியா வர்றவங்கதான் ஜெயிச்சவங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. "என்னண்ணே, காத்து கருப்பு அடிச்சிருச்சா?" என்றார் பஸ் டிரைவர். எனக்கு அடித்தது அறுபத்தேழு வருஷத்துக்கு முந்திய ஒரு பொங்கல்.

அப்போது நாங்கள் எழுமலைப் பக்கம் இருந்தோம். எனக்கு ஆறு வயது. அப்பாவை நான் அய்யா என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் கூப்பிடுவேன். அய்யா மெதுவான மனிதர். சோற்றை மெதுவாகச் சாப்பிடுவார், பேச்சை மெதுவாக முடிப்பார். எங்கள் வண்டிமாடுகளும் அவரோடு பழகிப் பழகி அப்படியே ஆகிவிட்டன. என் தாய்மாமன் வாய் சும்மா இருக்காது. "மச்சான் விதைக்கப் போனா அறுப்புக்குத்தான் வீடு திரும்புவாரு" என்பார். தெருவே சிரிக்கும், ஆத்தாவும் சிரிக்கும், அய்யாவும் கொஞ்சம் தாமதித்துச் சிரிப்பார். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். எனக்கு அது சுருக்கென்று இருக்கும்.

அந்த வருஷம் பொங்கல் விளையாட்டில் சைக்கிள் போட்டிக்கு எவர்சில்வர் குடம் பரிசு என்றார்கள். எங்கள் தெருவில் அப்போது ஒரே ஒரு வீட்டில்தான் எவர்சில்வர் குடம். ஆத்தாவிடம் இருந்தது இடுப்பில் இடிக்கிற பித்தளைக் குடம். அதைப் புளி போட்டுத் தேய்த்தே ஆத்தாவுக்குக் கை தேய்ந்திருந்தது. பரிசுக் குடத்தை மேடையில் பார்த்துவிட்டு வந்து, "இது உங்களுக்குன்னே வச்ச குடம். வாங்காம வீட்டுக்கு வராதீக" என்றது. அய்யா போய்ப் பெயர் கொடுத்தார். அவர் தானாக ஒரு காரியத்தில் முந்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அது மெதுசைக்கிள் போட்டி. கால் தரையில் படக் கூடாது, பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டக் கூடாது, எல்லைக் கோட்டுக்குக் கடைசியில் வருகிறவருக்குத்தான் பரிசு. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்து ஒரு சீப்பு வாங்கியிருந்தேன். போட்டி என்றால் என்னவென்று அந்தச் சீப்பு எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

கண்மாய்க்கரைப் பொட்டலில் ஏழு சைக்கிள்கள் நின்றன. விசில் ஊதினார்கள். மற்றவர்கள் ஆடி அசைந்து நகர்ந்தார்கள். இரண்டு பேர் காலை ஊன்றி வெளியேறினார்கள், மூன்று பேர் தாக்குப்பிடிக்க முடியாமல் எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டார்கள். மிச்சம் தையல்காரரும் அய்யாவும். தையல்காரர் ஒரு முழம் முன்னால். அய்யா சைக்கிள் மேல் உட்கார்ந்து எதையோ யோசிக்கிற மாதிரி இருந்தார். சக்கரம் சுற்றியதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

சுற்றி நின்ற சனம் முழுவதும், "மெதுவா, இன்னும் மெதுவா" என்று கத்தியது. மாமன் தொண்டைதான் எல்லாவற்றுக்கும் மேலே. "அப்பிடித்தான் மச்சான், அசையாதீக."

ஊர் கூடி என் அய்யாவைக் கேலி செய்கிறது என்று நினைத்தேன். குடம் போகப்போகிறது. கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினேன். பின்னால் கேரியரைப் பிடித்து என் பலத்தையெல்லாம் திரட்டித் தள்ளினேன்.

சைக்கிள் தையல்காரரைத் தாண்டி, கோட்டையும் தாண்டிப் போய்த்தான் நின்றது. "அய்யா, நம்ம ஜெயிச்சுட்டோம்" என்று கத்தினேன்.

பொட்டலில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. தையல்காரர் நல்ல மனுஷர், "சின்னப்பய தெரியாமச் செஞ்சுட்டான், இன்னொரு தரம் வச்சுக்குவோம்" என்றார். விசில்காரர் கேட்கவில்லை. குடம் தையல்காரர் வீட்டுக்குப் போயிற்று. ஆத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. முதுகைக் கொடுத்து நின்றேன். அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தது. மாமன்தான் போட்டியின் சட்டத்தை எனக்கு விளக்கினார். கேட்டு முடிந்ததும் அழ ஆரம்பித்தேன்.

அய்யா என்னைத் தூக்கிக் கேரியரில் வைத்தார். "நான் கடைசியா வாரேன்னுதான் ஓடி வந்தியா?"

தலையாட்டினேன்.

"அம்புட்டுத் தூரமும் ஓடியா வந்த?"

அதற்கும் தலையாட்டினேன். "சரி" என்றார்.

பூங்காவில் நான் இரண்டாவதாகத்தான் வந்தேன். பஸ் டிரைவர் எனக்கும் பின்னால் வந்து ஜெயித்துவிட்டார். "இந்த வேகத்துலதான ஸ்டாப்புக்கும் வருவீக" என்றேன். அன்றைக்கு ஆட்டோ ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் புறப்பட்டேன். ஒரு காலில் பாரம், மறு காலில் பாரம். பாதி வழியில் மகள் போன் செய்து, "எங்கப்பா இருக்கீங்க, இம்புட்டு நேரமா?" என்றாள். "வாரேன் தாயி. விழல, மெதுவா வாரேன்" என்றேன்.

அந்தப் பொங்கலன்றைக்கு ஆத்தாவும் மாமனும் முன்னால் போய்விட்டார்கள். பொட்டலிலிருந்து எங்கள் வீடு, மிதித்தால் கால் மணி நேரம். அய்யா சைக்கிளில் ஏறவே இல்லை. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, மறு கையை என் முதுகில் வைத்து, உருட்டிக்கொண்டே நடந்தார். கரும்புத் தோட்டம் வந்தது, கிணறு வந்தது, பொழுது சாய்ந்தது. அவர் என்னைப் பார்ப்பதும் தனக்குள் சிரிப்பதுமாக, போட்டியில் போனதைவிட மெதுவாக வந்தார். ஏறி ஓட்டாமல் எதற்கு உருட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் தள்ளியதில் சைக்கிள் கெட்டுவிட்டதாக்கும் என்று பயந்து, அவர் பார்க்காத நேரமெல்லாம் குனிந்து குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது நன்றாகத்தான் சுற்றியது.